நூறில் எழுபத்திரண்டு பேருக்கு வேலை: இந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

கேள்வி (3 ஜூன் 2024)

எங்கள் ஊர் அறக்கட்டளை வேலையில்லா இளைஞர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி நடத்தியது. முடித்த நூறு பேரில் எழுபத்திரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. பெயர்ப் பட்டியல் இருக்கிறது, ஆஃபர் லெட்டர் இருக்கிறது. நன்கொடையாளர் ஒருவர் "திட்டத்தின் விளைவை மதிப்பிட்டுக் கொடுங்கள்" என்கிறார். இதற்கு மேல் மதிப்பிட என்ன இருக்கிறது? நூறு நாள் வேலைக்குக் கொட்டுகிற பணத்தை இப்படிப் பயிற்சிக்குக் கொடுத்தால் நாடு உருப்படும் என்பது என் கட்சி.

3 ஜூன் 2024, இரவு

அந்த நூறு பேரும் உங்கள் பக்கமே வராமல் இருந்திருந்தால், இன்று எத்தனை பேர் வேலையில் இருந்திருப்பார்கள்? அந்த எண் தெரிந்தால் எழுபத்திரண்டைப் பற்றிப் பேசலாம். அது அறுபத்தைந்து என்றால் உங்கள் திட்டத்தின் விளைவு ஏழு. எழுபத்தைந்து என்றால் கணக்கு மைனஸில் போகும்.

நூறு நாள் வேலையைப் பற்றிப் பிறகு.

4 ஜூன் 2024

"வரும்போது எல்லோரும் சும்மா இருந்தவர்கள்தானே, ஆகவே பூஜ்யத்திலிருந்து எழுபத்திரண்டு" என்று பதில் வந்திருக்கிறது. இந்த வாதத்தை நான் வேலை பார்த்த பயிற்சி மையத்தில் ஆண்டறிக்கை தோறும் நாங்களே எழுதியிருக்கிறோம். வட மாவட்டம் ஒன்றில் பிளேஸ்மென்ட் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அதாவது ஆள் சேர்ப்பது, பயிற்சி முடிந்ததும் கம்பெனிக்கு அனுப்புவது, அதன்பிறகு சில மாதம் தொலைபேசியில் துரத்துவது.

மனிதர்கள் பயிற்சிக்கு வருவது எப்போது? இருந்த வேலை போனபோது, அரியர் எழுதிச் சலித்தபோது, வீட்டில் பேச்சு தாங்க முடியாதபோது. வருமானம் அடிமட்டத்தில் இருக்கிற அந்த நேரத்தில்தான் நம் நோட்டீஸ் கண்ணில் படுகிறது. அங்கிருந்து பலர் தாமாகவே மேலே வந்துவிடுவார்கள். காய்ச்சல் உச்சத்தில் இருக்கிற அன்று மாத்திரை கொடுத்துவிட்டு, நான்காம் நாள் இறங்கியதற்கு மாத்திரைதான் காரணம் என்று சொல்கிற மாதிரி இது. ஆர்லி ஆஷன்ஃபெல்டர் என்ற பொருளியலாளர் 1978-லேயே அமெரிக்கப் பயிற்சித் திட்டங்களின் வருமானப் பதிவுகளில் இதைக் காட்டினார். பயிற்சியில் சேர்வதற்குச் சற்று முன் சேர்ந்தவர்களின் வருமானத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்துக்கு அவர் பெயரே வைத்துவிட்டார்கள். ஆகவே "முன்பு, பின்பு" என்று ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் நன்றாகவே தெரியும்.

4 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

"அப்படியானால் பயிற்சிக்கு வராத வேறு நூறு பேரைப் பிடித்து ஒப்பிட்டால் போதுமே" என்கிறார் இன்னொருவர். போதாது. இதற்கும் புகழ்பெற்ற ஒரு கதை உண்டு.

1970-களின் நடுவில் அமெரிக்காவில் நேஷனல் சப்போர்ட்டட் வொர்க் என்று ஒரு திட்டம். அரசு உதவித்தொகையில் வாழும் தாய்மார், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்கள் ஆகியோருக்குக் குறிப்பிட்ட காலம் வேலை கொடுத்துப் பழக்கினார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். குலுக்கலில் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டபோது, ஆண்களின் ஆண்டு வருமானம் சுமார் 900 டாலர் கூடியிருந்தது.

ராபர்ட் லாலோண்ட் 1986-இல் ஒரு குறும்பு செய்தார். குலுக்கலில் விழாதவர்களைத் தூக்கி எறிந்துவிட்டு, நாடு தழுவிய பொது சர்வேக்களில் இருந்த ஆண்களை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு சர்வேயின்படி, திட்டத்தில் இருந்தவர்கள் 15,000 டாலருக்கு மேல் குறைவாகச் சம்பாதித்தார்கள். வயது, படிப்பு, பழைய வருமானம் என்று அன்றைக்குத் தெரிந்த புள்ளியியல் திருத்தங்களையெல்லாம் போட்டும் பார்த்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒவ்வொரு விடை. நேரான விடை கையில் இருந்ததால்தான் மற்றவை கோணல் என்று தெரிந்தது. அது இல்லாத திட்டங்களில் எந்தக் கோணலை நாம் உண்மையென்று அச்சடித்துக்கொண்டிருக்கிறோமோ.

5 ஜூன் 2024

இல்லை, உங்கள் அறக்கட்டளையை நான் பொய் சொல்வதாகச் சொல்லவில்லை. ஆஃபர் லெட்டர்கள் உண்மையாகவே இருக்கும். நாங்கள் கொடுத்தவையும் உண்மையானவைதான்.

9 ஜூன் 2024, ஞாயிறு

அந்த எண் எப்படி உருவாகிறது என்று உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கிராமப்புற இளைஞர்களுக்கான தீன் தயாள் திட்டம் 2014-இல் வந்தபோது, பயிற்சி முடித்தவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேரை வேலையில் அமர்த்த வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. நோக்கம் நல்லது. சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டுக் கைகழுவும் பழக்கத்தை ஒழிக்க நினைத்தார்கள். எங்கள் மையம் வேறொரு திட்டத்தின் கீழ் நடந்தது. அங்கும் இதே சாயலில் ஒரு இலக்கு, அதை எட்டினால்தான் கடைசித் தவணைப் பணம். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பேட்சுக்கு முப்பது பேர் வேண்டும். அறுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். யாரை எடுப்பீர்கள்?

பிளஸ் டூ முடித்தவன், ஏற்கெனவே ஒரகடத்தில் ஆறு மாதம் ஒப்பந்த வேலை பார்த்தவன், வெளியூரில் தங்கத் தயாராக இருப்பவன், வீட்டில் தொந்தரவு இல்லாதவன். இவனை எடுப்பீர்கள். கைக்குழந்தையோடு வந்து நிற்கும் பெண்ணை "அடுத்த பேட்சில் பார்க்கலாம் அம்மா" என்று அனுப்பிவிடுவீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனையும், கால் சற்று ஊனமானவனையும், கணவன் வெளியூருக்கு விடமாட்டான் என்று தெரிகிற பெண்ணையும் அப்படியே. யாரும் உத்தரவு போடவில்லை. இலக்கே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

எடுத்த முப்பது பேரில் பெரும்பாலோர் நாங்கள் இல்லாவிட்டாலும் தீபாவளிக்குள் எங்காவது ஒரு வேலையில் இருந்திருப்பார்கள். நாங்கள் திருப்பி அனுப்பியவர்களுக்குத்தான் யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியிருந்தது. அவர்கள் எங்கள் பதிவேட்டிலேயே இல்லை.

இன்னொன்று, மூன்றாம் மாதத் தொலைபேசி அழைப்பு. பதிவில் இருப்பது அநேகமாக அப்பாவின் எண்ணாக இருக்கும், அல்லது சித்தப்பாவின் எண். ஒருமுறை ஒரு பெண்ணின் தந்தை எடுத்தார். "பாப்பா கொல்லையில் மணிலா (வேர்க்கடலை) பறித்துக்கொண்டிருக்கிறாள், கூப்பிடட்டுமா சார்?" என்றார். எங்கள் பதிவேட்டில் அவள் திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். போனது உண்மை, சம்பளச் சீட்டு வந்ததும் உண்மை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டேன். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போகக் கையில் வந்தது, ஊரில் நூறு நாள் வேலையும் இடையிடையே கிடைக்கும் கூலி வேலையும் சேர்ந்து தந்ததைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை என்று கணக்குச் சொன்னாள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகூட விடுதிக் கேட்டைத் தாண்ட முடியாதாம். அவளை "வேலையில் அமர்ந்தவர்" பத்தியிலிருந்து எடுக்கச் சொல்லி எந்தப் படிவமும் கேட்கவில்லை. சம்பளச் சீட்டு கோப்பில் இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

10 ஜூன் 2024

நேற்று எழுதியது வெறும் புலம்பலாக நின்றுவிடக் கூடாது. அமெரிக்காவில் 1982-இல் வந்த வேலைப் பயிற்சிக் கூட்டுத் திட்டச் சட்டத்தின் கீழும் மையங்களுக்கு இதே போன்ற இலக்குகள் இருந்தன. எட்டினால் கூடுதல் நிதி. அதே திட்டத்தில் 1980-களின் பிற்பகுதியில் 16 இடங்களில் குலுக்கல் முறைச் சோதனையும் நடந்ததால், ஒரு அரிய விஷயத்தைப் பார்க்க முடிந்தது: இலக்கு எண்ணில் நன்றாகத் தெரிகிற இடத்தில் உண்மை விளைவும் நன்றாக இருக்கிறதா? ஜேம்ஸ் ஹெக்மனும் உடனிருந்தவர்களும் தேடிப் பார்த்தார்கள். குறுகிய கால இலக்கு எண்ணுக்கும் நீண்ட கால விளைவுக்கும் உறவு மிகப் பலவீனம். சில கணக்குகளில் தலைகீழ்.

ஆகவே உங்கள் எழுபத்திரண்டும் பக்கத்து ஊர்க்காரரின் ஐம்பதும் மேசைமேல் இருந்தால், ஐம்பதுகாரர் அதிக நன்மை செய்திருக்கக்கூடும். யாரை உள்ளே விட்டார்கள் என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

16 ஜூன் 2024

"பயிற்சியே வீண் என்கிறீர்களா?" இல்லை.

டேவிட் கார்ட், யோகன் க்ளூவே, ஆந்திரியா வெபர் மூவரும் உலகெங்கும் நடந்த இருநூறுக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆண்டில் சராசரி விளைவு ஏறத்தாழப் பூஜ்யம். இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் உயர்கிறது, அதிலும் திறன் வளர்க்கும் பயிற்சிகளில். பெண்களுக்கும் நெடுநாள் வேலையில்லாதவர்களுக்கும் பலன் கூடுதல். மேலே நான் சொன்ன, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு மந்தத்துக்கு ஒரு எளிய காரணமும் உண்டு. வகுப்பில் உட்கார்ந்திருப்பவன் அந்த மாதங்களில் வேலை தேடுவதில்லை. மூன்றாம் மாதம் அழைத்துக் கேட்டுவிட்டுக் கோப்பை மூடுகிற நம் வழக்கம் எவ்வளவு அபத்தம் என்று இதிலிருந்தே தெரியும்.

வளரும் நாடுகளின் கணக்கு இன்னும் கசப்பு. டேவிட் மெக்கென்சி 2017-இல் தொகுத்தவற்றின்படி, நூறு பேருக்குத் தொழிற்பயிற்சி அளித்தால் அதனால் கூடுதலாக வேலை பெறுபவர்கள் இரண்டு பேர் அளவில்தான். தலைக்கு 25,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபத்திரண்டால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஏறத்தாழ முப்பத்தைந்தாயிரம். இரண்டால் வகுத்தால் பன்னிரண்டரை லட்சம். உங்கள் நன்கொடையாளர் விவரம் தெரிந்தவர் என்று தோன்றுகிறது.

ஆனால் சராசரி சராசரிதான். டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் பெண்களுக்கு ஆறு மாதத் தையல் பயிற்சி கொடுத்து, குலுக்கல் முறையில் மதிப்பிட்டார்கள் புஷ்கர் மைத்ராவும் சுபா மணியும். வேலையில் இருப்பதும் வேலை நேரமும் வருமானமும் கூடின. பதினெட்டு மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. பாதியில் நின்ற பெண்களுக்கு எது தடை என்றும் பார்த்திருக்கிறார்கள்: மையத்தின் தூரம், கையில் பணமில்லாமை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை. எங்கள் மையத்தில் ஊஞ்சல் கட்ட ஒரு மூலை கேட்டோம். அந்த இடத்தில் பயோமெட்ரிக் கருவி வைத்தார்கள்.

17 ஜூன் 2024

ஊஞ்சல் விஷயத்துக்கு இத்தனை பதில்களா. ஆம், வருகைப் பதிவு முக்கியம். குழந்தையோடு வந்தால்தானே வருகை.

23 ஜூன் 2024

இதுவரை பேசியது பயிற்சி பெற்றவர்களைப் பற்றி மட்டும். பெறாதவர்களுக்கு என்ன ஆகிறது என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எனக்கு நெடுநாளாக உறுத்துவதும் அதுதான்.

நாங்கள் அனுப்பிய கம்பெனிகளில் ஒன்றில் மாதந்தோறும் எத்தனை பேர் வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிடும். மனிதவள அதிகாரி எங்களிடமிருந்து இருபது பேர் எடுத்தால், அந்த மாதம் கேட்டில் வந்து நிற்பவர்களில் இருபது பேரைக் குறைத்துக்கொள்வார். எங்கள் பையன்கள் உள்ளே போகும்போது எதிரே பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மொத்தத்தில் ஒரு வேலைகூடக் கூடவில்லை. வரிசை மட்டும் மாறியது.

பிரான்சில் இதை நேரடியாகவே அளந்தார்கள். படித்து வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்கு வேலை தேடித்தரும் உதவி. 235 பகுதிகள். யாருக்கு உதவி என்பதில் மட்டும் குலுக்கல் நடந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. எந்தப் பகுதியில் எத்தனை சதவீதம் பேருக்கு (பூஜ்யம், கால், பாதி, முக்கால், முழுவதும்) என்பதையும் குலுக்கிப் போட்டார்கள். எட்டு மாதத்தில் உதவி பெற்றவர்களிடம் நிலையான வேலை 2.5 சதவீதப் புள்ளி கூடியது. அதே பகுதியில் உதவி பெறாதவர்களின் நிலை ஓரளவு சரிந்தது, வேலைச் சந்தை மந்தமாக இருந்த இடங்களில் அதிகமாக. ஓராண்டில் அந்த முன்னிலையும் கரைந்துவிட்டது. ப்ரூனோ க்ரெபோன், எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஐவர் 2013-இல் வெளியிட்டது. குலுக்கல் நடத்திவிட்டால் உண்மை வந்துவிடும் என்று நான்காம் தேதி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். ஒப்பீட்டுக் குழுவையே திட்டம் கீழே தள்ளியிருந்தால், இடைவெளி பெரிதாகத் தெரியும். பாதி இடைவெளி அவர்கள் இறங்கியதால் வந்ததாக இருக்கலாம்.

30 ஜூன் 2024

நூறு நாள் வேலை. தவிர்க்கப் பார்த்தேன், விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

16-ஆம் தேதி சொன்ன பெருந்தொகுப்பில், அரசே வேலை கொடுக்கும் திட்டங்கள்தான் மிகப் பலவீனமாக வந்தன என்பதை எடுத்துக்காட்டிச் சிலர் குதிக்கிறார்கள். அங்கே கேட்ட கேள்வி, திட்டத்தை விட்டு வெளியே வந்தபின் தனியார் வேலை கிடைத்ததா என்பது. நம் ஊர்த் திட்டம் அந்த வாக்குறுதியைக் கொடுக்கவே இல்லை. கேட்டால் வேலை, செய்தால் கூலி, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இதில் வேலை செய்வோரில் எண்பது சதவீதத்துக்கு மேல் பெண்கள். அறுபது வயது ஆயாவிடம் "இதன்பிறகு கம்பெனி வேலைக்குப் போனீர்களா" என்று கேட்பீர்களா?

2006 பிப்ரவரியில் 200 பின்தங்கிய மாவட்டங்களில் தொடங்கி, 2007-இல் மேலும் 130, 2008 ஏப்ரலில் மீதி என்று படிப்படியாக விரித்தார்கள். முதலில் வந்த மாவட்டங்களையும் பிறகு வந்தவற்றையும் வைத்து கிளெமான் இம்பெர்ட், ஜான் பாப் ஆகியோர் செய்த ஆய்வில், தனியாரிடம் செய்யும் அன்றாடக் கூலி வேலையின் சம்பளம் ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்தது. திட்டத்தை ஒழுங்காக நடத்திய மாநிலங்களில்தான் உயர்வு தெளிவாக இருந்தது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் உண்டு.

30 ஜூன் 2024, இரவு

"களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை, எல்லோரும் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று எழுதியவருக்கு: ஐயா, நீங்கள் எழுதியதே ஒரு மதிப்பீடுதான். ஆள் கிடைக்காமல் போனபின் கூலியைக் கூட்டினீர்களா இல்லையா? அதுதான் விளைவு. யார் பையிலிருந்து யார் பைக்குப் போனது என்பதில் உங்களுக்கும் களையெடுப்பவருக்கும் கருத்து வேறுபடும்.

2 ஜூலை 2024

அவர் கோபப்படாமல் பதில் எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கூலி கூடினால் தனியார் வேலை குறையும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 157 மண்டலங்களில் (மாவட்டத்தின் உட்பிரிவுகளில்) பயோமெட்ரிக் அட்டை மூலம் கூலி வழங்கும் முறையைக் குலுக்கல் வரிசையில் கொண்டுவந்தார்கள். கசிவு குறைந்து திட்டம் ஒழுங்காக நடந்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் மூவரும் பார்த்தபோது ஏழைக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீத அளவில் உயர்ந்திருந்தது. அதில் பெரும்பங்கு திட்டத்துக்கு வெளியே சம்பாதித்தது. தனியார் கூலி உயர்ந்தும் தனியார் வேலை குறையவில்லை, கூடியே இருந்தது. நில உடைமையாளர்கள் அதுவரை சந்தை நிலவரத்துக்குக் கீழே கூலியை அமுக்கி வைத்திருந்தால் இப்படி நடக்கும்.

திட்டத்தில் வேலை செய்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்தத் தொகையின் பெரும்பகுதி கணக்கிலேயே வந்திருக்காது. பிரான்சில் கண்ணுக்குத் தெரியாமல் போனது நட்டம், இங்கே லாபம். பயிற்சிக்கும் நூறு நாள் வேலைக்கும் ஒரே தராசு போட்டு "இதை நிறுத்தி அதற்குக் கொடு" என்பவர்கள் முதலில் இந்த வெளிவட்டத்தையும் அளந்துவிட்டு வரட்டும்.

14 ஜூலை 2024

சம்பந்தமில்லாதது போலத் தோன்றும், இருந்தாலும். ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஆலைக் குடியிருப்பில் 1930 வாக்கில் நூற்பாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. அப்போது அங்கே தங்கி ஆராய்ந்தவர்கள், வேலை போனவர்கள் மெல்ல நடக்கத் தொடங்கியதைக்கூட அளந்து குறித்தார்கள். அதே ஊரில் 2020 அக்டோபரில் நெடுநாள் வேலையில்லாதவர்களுக்கு உத்தரவாத வேலைத் திட்டம் தொடங்கி, முதலில் சேர்ப்போர், பிறகு சேர்ப்போர் என்று குலுக்கிப் பிரித்து மதிப்பிட்டார்கள். வருமானத்தோடு மனநலனும், நாளுக்கு ஓர் ஒழுங்கும், பிறரோடு பழகுவதும் மேம்பட்டிருந்தன. நம் படிவங்களில் இதற்கெல்லாம் பத்தியே கிடையாது. மணிலா பறிக்கப் போன பெண் என்னிடம் சொன்ன முதல் காரணம் சம்பளம், ஆனால் அதிக நேரம் பேசியது விடுதிக் கேட்டைப் பற்றி.

21 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில், அடுத்த பேட்சிலிருந்து முறையாகச் செய்ய விரும்புவதாகச் சொல்கிறார். குலுக்கல் நடத்தினால் ஊரில் பழி வருமே என்று அஞ்சுகிறார்.

முப்பது இடம், அறுபது விண்ணப்பம் என்றால் யாரோ முப்பது பேருக்கு இல்லை என்று சொல்லத்தான் போகிறீர்கள். இப்போது யார் சிபாரிசு, யார் சுட்டி என்று பார்த்துச் சொல்கிறீர்கள். பெற்றோர் முன்னிலையில் சீட்டு எடுத்தால் பழி குறையுமே தவிரக் கூடாது. விழாதவர்களுக்கு அடுத்த ஆண்டு இடம் உறுதி என்று எழுதிக் கொடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சீட்டுக்குள் போகும் அறுபது பெயர்களில், நீங்கள் வழக்கமாக வாசலிலேயே கழித்துவிடும் ஆட்களும் இருக்க வேண்டும். அவர்களை வெளியே வைத்துவிட்டுக் குலுக்கினால், எளிதாக வேலை கிடைப்பவர்களுக்கு உங்கள் பயிற்சி என்ன செய்கிறது என்பது மட்டுமே தெரியும்.

அறுபது பேர் போதாது என்பதும் உண்மை. பல பேட்சுகளைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம்தான் கண்ணுக்குத் தெரியும்; இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும். முதல் பேட்சிலேயே நன்கொடையாளருக்கு எண் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

11 ஆகஸ்ட் 2024

அனுப்பிய கேள்வித்தாளைப் படித்தேன். "இந்தப் பயிற்சி உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?" என்ற முதல் கேள்வியை அடித்துவிடுங்கள். சோறு போட்டு, சான்றிதழ் கொடுத்து, நீங்களே நேரில் போய்க் கேட்டால் யார் இல்லை என்பார்கள்? கேட்கப் போகிறவர் உங்கள் மையத்து ஆளாகவும் இருக்கக் கூடாது.

"தற்போது வேலையில் இருக்கிறீர்களா" என்பதும் உதவாது. மாடு மேய்ப்பவர் இல்லை என்பார், வாரத்துக்கு ஒருநாள் பந்தல் போடப் போகிறவர் ஆம் என்பார். கடந்த ஏழு நாளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே போனார், எத்தனை மணி நேரம், கையில் வந்தது எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று கேளுங்கள். சீட்டில் விழாதவர்களிடமும் அதே வாரம், அதே கேள்விகள், அதே வரிசையில். தொலைபேசி எண் மூன்று வாங்கி வையுங்கள், அதில் ஒன்று ஊரை விட்டு நகராத பெண்மணி ஒருவருடையதாக இருக்கட்டும். பதினெட்டாம் மாதச் சுற்றுக்கான பணத்தை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். ஆறாம் மாதத்துக்குப் பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.